களைத்துப்போகும் கணக்காளர்கள்: கடை முதலாளிமாரின் கவனத்துக்கு

புறக்கோட்டைக் கடைகளின் உள்ளறைகளுக்குள் அடிக்கடி போய்வருகின்றவர்களுக்கு ஒரு மாற்றம் நன்றாகத் தெரிந்திருக்கும். முன்னர் கணக்கப்பிள்ளை என்றால் முதலாளியின் வாப்பா காலத்திலிருந்தே அந்தக் கடையில் இருந்துவரும் ஒரு பெரியவர்தான். மூக்குக் கண்ணாடி, தடித்த அட்டை போட்ட லெட்ஜர், காதில் செருகிய பென்சில். இன்று அதே கதிரையில் பெரும்பாலும் ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். ஏ.ஏ.டி. முடித்தவர், அல்லது ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ வேறொரு பல்கலைக்கழகத்திலோ வர்த்தகமோ முகாமைத்துவமோ படித்து வெளியேறியவர். இரண்டு பிள்ளைகளின் தாய். லெட்ஜருக்குப் பதிலாக கொம்பியூட்டர். ஆனால் அன்று பெரியவர் செய்த வேலையைப் போல் மூன்று மடங்கு வேலை.

இருபது வருடங்களுக்கும் மேலாகச் சிறு வியாபாரிகளின் கணக்குகளைப் பார்த்துவருகின்ற எனக்கு, அண்மைக் காலமாக முதலாளிமாரிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரே ராகம் கேட்கிறது. "நானா, கணக்குப் பார்த்த புள்ள நிண்டுட்டா. யாராச்சும் ஒராள் இரிந்தா சொல்லுங்களே."

ஏன் நின்றார் என்று கேட்டால் பதில் ஒன்றுதான். "வீட்டுப் பிரச்சினையாம்." அந்த வீட்டுப் பிரச்சினையின் பெரும் பகுதி கடையிலேயே இருக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் எழுத விரும்புகிறேன். பெண்களின் மன அழுத்தம் என்றதும் இது வேறு பக்கத்துக்குரிய விடயம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது உங்கள் கல்லாப்பெட்டியோடு சம்பந்தப்பட்ட விடயம்.

அவருடைய ஒரு நாள்

நான் நன்கறிந்த ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். துணி மொத்த வியாபாரம். அங்கே எட்டு வருடங்கள் கணக்காளராக இருந்த சகோதரி மாபோலையிலிருந்து வருகின்றவர். பெயர் வேண்டாம்.

அதிகாலை நான்கரைக்கு எழும்புவார். காலைச் சாப்பாடு, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பகல் சாப்பாட்டுப் பார்சல், பாடசாலை வேன், அதன் பின்னர் பஸ். எட்டரைக்குக் கடை. பின்னேரம் ஆறரைக்குக் கடையிலிருந்து வெளிக்கிட்டால் வீடு போய்ச் சேர எட்டு மணியாகும். அப்போதுதான் பிள்ளைகளின் வீட்டு வேலைகளையும் இராச் சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் முதலாளி. "நாளைக்கு எத்தின செக் பாஸாக இரிக்கி? குருணாகல் ஆள் காசு போட்டுட்டாரா?"

புறக்கோட்டை வியாபாரத்தின் உயிர்நாடி பின்திகதியிட்ட காசோலை என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாம் கொடுத்த காசோலைகள் ஒருபுறம், நமக்குக் கிடைத்தவை மறுபுறம். நமக்கு வந்தது திரும்பினால் நாம் கொடுத்ததும் திரும்பும். காலையில் வங்கியிலிருந்து "கணக்கில் காசு போதாது" என்று அழைப்பு வருவது முதலாளிக்கல்ல, இந்தச் சகோதரிக்கு. கடன்காரருக்கு அழைப்பெடுத்து ஏச்சு வாங்குவதும் இவர். அந்தக் கடன்காரருக்கே மறுபடியும் பத்து இலட்சத்துக்குச் சரக்குக் கொடுக்கும்படி முதலாளி சொல்லும்போது, வேண்டாம் என்று சொல்ல இவருக்கு அதிகாரம் கிடையாது. காசோலையில் கையொப்பமும் இவருடையதல்ல. பொறுப்பு முழுவதும் இவர் தலையில், தீர்மானம் முழுவதும் வேறொருவர் கையில்.

இந்த நிலைமையை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ரொபர்ட் கரசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979 இல் வெளியிட்ட ஆய்வில், வேலைப் பளு அதிகம் என்பது மட்டும் மனிதனை முறித்துவிடுவதில்லை என்றார். பளு அதிகமாக இருந்து, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் குறைவாக இருக்கும் இடத்தில்தான் அழுத்தம் உச்சத்தை அடைகிறது. கடைக் கணக்காளரின் கதிரையை நேரில் பார்த்து எழுதியதைப் போலிருக்கிறது.

வீட்டுப் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆர்லி ஹொக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1989 இல் எழுதிய நூலொன்றில், உத்தியோகத்திலிருந்து திரும்பும் பெண் வீட்டில் ஆரம்பிக்கும் வேலையை 'இரண்டாவது ஷிப்ட்' என்று பெயரிட்டார். அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்து எழுதியதுதான். ஆனாலும் மாபோலைக்கும் தெஹிவளைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. நம் கணக்காளருக்கு வட்ஸ்அப்பையும் சேர்த்தால் மூன்றாவது ஷிப்டும் உண்டு.

ஐந்தாறு வருடங்களில் குவிந்தது

வேலை எப்போதும் இருந்ததுதானே, இப்போது மட்டும் என்ன புதிதாக என்று கேட்பவர்கள் கடந்த சில வருடங்களைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

2019 டிசம்பரில் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. 2022 ஜூனில் 12 ஆகியது. மூன்று மாதம் கழித்து செப்டெம்பரில் 15. 2024 ஜனவரியில் 18. இடையில் 2022 ஒக்டோபரில் 2.5 வீதச் சமூகப் பாதுகாப்பு வரி புதிதாக வந்து சேர்ந்தது. வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வருடாந்தப் புரள்வின் எல்லையோ 2020 இல் 300 மில்லியனுக்கு உயர்ந்து, 2022 ஒக்டோபரில் 80 மில்லியனுக்கு இறங்கி, 2024 ஜனவரியில் 60 மில்லியனுக்கு வந்தது. வற் என்றால் என்னவென்றே கவலைப்படாமலிருந்த எத்தனையோ கடைகள் அந்த வலைக்குள் வந்தன.

பத்திரிகையில் இது ஒரு வரிச் செய்தி. கணக்காளருக்கு ஒவ்வொரு தடவையும் இன்வொய்ஸ் மாற்ற வேண்டும், கொம்பியூட்டர் புரோகிராமை மாற்ற வேண்டும், பழைய விலைக்கு வந்த சரக்கைப் பிரித்தெழுத வேண்டும், 'போன மாதம் இந்த விலையில்லையே' என்று சண்டைக்கு வருகின்ற வாடிக்கையாளருக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். 2020 இல் ஊரடங்கு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கரண்ட் வரும் நேரம்தான் கணக்கு வேலை. அது நடுச்சாமமாக இருந்தாலும் சரி. அதே வருடம் பெற்றோல் வரிசை, காஸ் வரிசை. அந்த வரிசைகளில் நின்றதும் பல வீடுகளில் பெண்கள்தான்.

இவ்வளவும் போதாதென்று 2025 இல் நோன்புப் பெருநாள் மார்ச் 31 ஆம் திகதி வந்தது. நிதியாண்டின் கடைசி நாளும் அதுவேதான். துணிக் கடைக்காரருக்கு ரமழானின் கடைசிப் பத்து நாட்கள் எப்படியிருக்கும் என்று எழுதத் தேவையில்லை. கடை நள்ளிரவு வரை திறந்திருக்கும். அடுத்த இரண்டு வாரத்தில் சித்திரைப் புத்தாண்டுச் சீசன். அதற்கிடையில் இருப்புக் கணக்கெடுப்பு. அந்தச் சகோதரி இரவு பதினொரு மணிக்கு வீடு போய், மூன்றரைக்கு ஸஹருக்கு எழும்பிச் சமைத்து, நோன்போடு வந்து துணிச் சுருள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் ஜூலையில் அவர் நின்றுவிட்டார். எல்லோரும் எதிர்பார்ப்பதைப் போல மார்ச்சில் விழவில்லை. சீசனில் மனிதர் எப்படியோ தாக்குப் பிடித்துவிடுகிறார். சீசன் முடிந்தும் களைப்புத் தீராமல் இருப்பதுதான் கவனிக்க வேண்டிய அடையாளம்.

இது நோயா?

ஆங்கிலத்தில் இதற்கு 'பேர்ன் அவுட்' என்று பெயர். எரிந்து முடிதல். 1974 இல் ஹெர்பர்ட் புரொய்டன்பேர்கர் என்ற உளவியலாளர், நியூயோர்க்கில் இலவச வைத்திய நிலையமொன்றில் தன்னுடன் வேலை செய்தவர்களைக் கவனித்து இந்தப் பெயரில் எழுதினார். ஆர்வமில்லாமல் வந்தவர்களல்ல, மிகுந்த ஆர்வத்தோடு வந்தவர்களே எரிந்துபோவதை அவர் கண்டார். பின்னர் கிறிஸ்டினா மஸ்லாக் என்ற பெண் ஆய்வாளர் இதை அளப்பதற்கான கேள்விக்கொத்தொன்றைத் தயாரித்து 1981 இல் வெளியிட்டார்.

2019 இல் உலக சுகாதார ஸ்தாபனம் தனது சர்வதேச நோய் வகைப்படுத்தலில் இதற்கு வரைவிலக்கணம் கொடுத்தது. அதில் வியாபாரிகள் கட்டாயம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. இதனை நோய் என்று அது சொல்லவில்லை. சரிவரக் கையாளப்படாத, நீண்டகால வேலைத்தள அழுத்தத்தின் விளைவு என்றே சொல்லியிருக்கிறது. அதாவது, 'அவவுக்கு நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. கோளாறு இருக்கும் இடம் வேலைத்தளம்.

மூன்று அடையாளங்களை அது குறிப்பிடுகிறது. ஒன்று, உடலும் மனமும் வற்றிப்போகும் களைப்பு. லீவு எடுத்தாலும் தீராத களைப்பு. இரண்டாவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போதல். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை, பேச்சைக் கவனித்தால் போதும். மேற்சொன்ன சகோதரி முன்பெல்லாம் "எங்கட கடைக்கு வர வேண்டிய காசு" என்றுதான் சொல்வார். கடைசி ஒரு வருடத்தில் அது "முதலாளியிட காசு" ஆகிவிட்டது. நான் அதைக் கவனித்தேன், முதலாளியிடம் சொல்லியும் இருந்தேன். அவர் சிரித்தார். மூன்றாவது, தன்னால் ஒன்றும் ஒழுங்காக முடிவதில்லை என்ற எண்ணமும், அதற்கேற்றாற்போல் வேலையில் விழும் தவறுகளும்.

அந்தத் தவறுகள்தாம் உங்களைத் தொடுகின்ற இடம். ஒரே விநியோகஸ்தருக்கு ஒரே பில்லுக்கு இரண்டு தடவை காசு போனது. ஊழியர் சேமலாப நிதிக்கான காசை அடுத்த மாதம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். பிந்தினால் பிந்திய நாட்களைப் பொறுத்து 5 வீதம் தொடக்கம் 50 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும். எட்டு வருடங்களில் ஒரு தடவையேனும் பிந்தாதவர் அந்த வருடம் இரண்டு தடவை பிந்தினார். மாதாமாதம் 20 ஆம் திகதிக்குள் கட்ட வேண்டிய வற் வரி பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. கவனயீனம் என்று முதலாளி ஏசினார். எட்டு வருடம் கவனமாக இருந்தவருக்குத் திடீரென்று கவனயீனம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை.

ஒரு விடயத்தை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, காரணமின்றி அழுகை வருகிறது, வாழ்க்கையே வெறுத்துவிட்டது என்ற நிலைக்கு ஒருவர் போயிருந்தால் அது களைப்பின் எல்லையைத் தாண்டிய விடயம். அதற்கு டொக்டர் வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊரார் என்ன சொல்வார்களோ என்று பயந்து மூடி மறைத்ததால் சீரழிந்த குடும்பங்களை நம்மில் பலர் அறிவோம்.

நாங்களும்தானே களைக்கிறோம்?

இதைப் பற்றிப் பேசினால் முதலாளிமார் உடனே சொல்வது இதுதான். "நானும் பதினாலு மணித்தியாலம் கடையிலதான் நிக்கிறன். எனக்கொண்டும் வரல்லியே." நியாயமான கேள்விதான். ஆனால் முதலாளி களைத்தால் ஒரு மணித்தியாலம் பள்ளியிலோ நண்பரின் கடையிலோ இருந்துவிட்டு வரலாம். யாரிடமும் கேட்கத் தேவையில்லை. இலாபம் வந்தால் அது அவருடையது. வீட்டுக்குப் போனால் தேத்தண்ணீர் தயாராக இருக்கும். அந்தத் தேத்தண்ணீரை ஊற்றுகின்றவரும் சில வேளை பகல் முழுவதும் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்தவராக இருக்கலாம். அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

மணித்தியாலக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எட்டரையிலிருந்து ஆறரை வரை, பகல் இடைவேளையைக் கழித்தால் ஒன்பது மணித்தியாலம். ஐந்து நாளைக்கு 45. சனிக்கிழமை இரண்டு மணி வரை ஐந்தரை. இரவு வட்ஸ்அப்பில் தினமும் ஒரு மணித்தியாலம் என்று வைத்தால் ஆறு. மொத்தம் 56½. கடைகள், காரியாலயங்கள் ஊழியர் தொடர்பான 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாரத்துக்குச் சாதாரண வேலை நேரம் 45 மணித்தியாலம்தான். அதற்கு மேற்பட்டதற்கு ஒன்றரை மடங்கு மேலதிக நேரக் கொடுப்பனவு. அதுவும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. இரவு பத்து மணி வட்ஸ்அப்புக்கு ஓவர்டைம் எழுதிய முதலாளி எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொழில் ஸ்தாபனமும் சேர்ந்து 2021 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாரத்தில் 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவர்களோடு ஒப்பிடும்போது பாரிசவாத ஆபத்து 35 வீதமும், மாரடைப்பு போன்ற இருதய நோயால் மரணிக்கும் ஆபத்து 17 வீதமும் அதிகம் என்று காணப்பட்டது. 2016 இல் மட்டும் இவ்வாறு உலகெங்கும் ஏழு இலட்சத்து நாற்பத்தையாயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையானோர் ஆண்கள். ஆகவே 'எனக்கொண்டும் வரல்லியே' என்கின்ற முதலாளிமார் தங்கள் மணித்தியாலங்களையும் ஒருக்கால் எண்ணிப் பார்ப்பது நல்லது.

வேறு சிலர் இன்னொரு முடிவுக்கு வருகிறார்கள். "அப்ப பொம்புளப் புள்ளைகள எடுக்காமலே விட்டா சரிதானே." எடுக்காவிட்டால் யாரை எடுப்பது? கணக்குத் தெரிந்த ஆண் பிள்ளைகள் அனுபவம் கிடைத்த கையோடு கட்டாருக்கும் டுபாய்க்கும் பறந்துவிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான் பார்த்தவரை ஒரே கடையில் ஐந்து வருடத்துக்கு மேல் நிலைத்து நின்று கணக்கைக் காப்பாற்றியவர்களில் அதிகமானோர் பெண்கள்தாம். நம் நாட்டில் பல்கலைக்கழகம் செல்பவர்களில் அரைவாசிக்கும் அதிகமானோர் பெண்கள். ஆனால் வேலைக்குப் போகும் வயதிலுள்ள பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் தொழிற்படையில் இருக்கிறார்கள். படித்தும் வீட்டில் இருப்பவர்களை உள்ளே கொண்டுவரத் தெரிந்த வியாபாரிக்கு இது பெரிய வாய்ப்பு.

செலவில்லாத காரியங்கள்

சம்பளத்தைக் கூட்டுங்கள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. சம்பளம் முக்கியம்தான். ஆனால் நான் கண்ட கடைகளில் பலன் கொடுத்தவை வேறு.

மருதானையில் மின்சாரப் பொருட்கள் விற்கும் ஒரு வாடிக்கையாளர், கணக்காளருக்கு ஓர் அதிகாரத்தைக் கொடுத்தார். இரண்டு காசோலை திரும்பிய ஆளுக்கு மூன்றாவது தடவை கடனுக்குச் சரக்குப் போவதா இல்லையா என்பது அவருடைய தீர்மானம். முதலாளியே கேட்டாலும் இல்லைதான். ஆரம்பத்தில் இரண்டொரு பழைய வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் திரும்பும் காசோலைகள் வெகுவாகக் குறைந்தன. கணக்காளரின் தலையிடியும் குறைந்தது. ஐந்து சதம் செலவில்லை.

அவரே இன்னொன்றும் செய்தார். கடன்காரருக்கு அழைப்பெடுக்கும் வேலையைக் கணக்காளரிடமிருந்து எடுத்து விற்பனைப் பையனிடம் கொடுத்தார். விற்றவனே வசூலிக்கட்டும் என்று. இது வியாபார ரீதியிலும் சரியான ஒழுங்கு. கடனை யோசித்துக் கொடுக்க அவன் பழகிக்கொள்கிறான்.

லீவு விடயத்தில் நம்மவர்களிடம் ஒரு விசித்திரமான பெருமை உண்டு. 'எங்கட கணக்காளர் ஒரு நாளும் லீவு எடுக்க மாட்டா' என்பார்கள். சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் உண்டு. வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வும் உண்டு. பிரசவ லீவு 84 வேலை நாட்கள். மூன்றாவது பிள்ளையிலிருந்து பாதியாக இருந்ததை 2018 இல் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் சமமாக்கினார்கள். லீவு கொடுப்பது தயவு அல்ல. அதோடு, கணக்காளர் ஒரு கிழமை தொடர்ந்து லீவில் போனால்தான் அந்த வேலையை இரண்டாவது ஒருவர் கற்றுக்கொள்வார். கணக்கில் ஏதும் கள்ளம் நடந்திருந்தாலும் அந்த ஒரு கிழமையில்தான் வெளிவரும். இதனால்தான் வங்கிகளில் தொடர்ச்சியான கட்டாய லீவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கணக்காய்வாளன் என்ற முறையில் எனக்கு அதுவே போதிய நியாயம்.

இரவு வட்ஸ்அப்பைப் பற்றி ஒரு முதலாளியிடம் பேசியபோது, "அவ உடனே பதில் போட வேணும்டு நான் சொல்லல்லியே" என்றார். சொல்லத் தேவையில்லை. முதலாளியின் பெயர் திரையில் விழுந்தால் சம்பளம் வாங்குபவர் பதில் போடத்தான் செய்வார். ஒரு கொப்பியில் எழுதிவைத்துக் காலையில் கேட்டால் எந்தக் கப்பலும் கவிழாது.

நான் சொன்ன துணிக் கடையின் கணக்குக்கு வருகிறேன். அந்தச் சகோதரி போனபின் அங்கே மூன்று பேர் மாறிவிட்டார்கள். முதலாவதாக வந்தவருக்கே பழையவரைவிடக் கூடிய சம்பளம். யார் யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், எவருக்கு வாய்ப்பேச்சில் தவணை கொடுத்திருக்கிறது என்ற விபரங்களில் பாதி அவருடைய தலைக்குள்தான் இருந்தது. அவற்றில் சில கடன்கள் இன்னும் வசூலாகவில்லை.

அவர் இப்போது வீட்டிலிருந்தபடியே மாபோலை, வத்தளைப் பக்கத்தில் மூன்று சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறார். மூன்றிலிருந்தும் வருவது பழைய சம்பளத்துக்குக் கிட்டத்தட்டச் சமன் என்று சொன்னார். சென்ற மாதம் பழைய முதலாளியும் ஆளனுப்பி, எங்கள் கணக்கையும் வீட்டிலிருந்தே பார்ப்பீர்களா என்று கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்றிருக்கிறார். ஒரேயொரு நிபந்தனை, காலை ஒன்பது மணிக்கு முன்னரும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் தொலைபேசி அழைப்பும் இருக்கக் கூடாது, வட்ஸ்அப்பும் இருக்கக் கூடாது. யோசித்துச் சொல்வதாக முதலாளி சொல்லியனுப்பியிருக்கிறார்.